குறி தப்பாத துப்பாக்கி – எத்தனை மில்லிமீட்டர்?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டய மாணவர்)



கீரிப்பாறை, தடிக்காரன்கோணம், பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பேச்சு பழக்கமாக இருக்கும். டீக்கடையில் வயசானவர்கள் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் காலத்துல தோக்கெடுத்தா ஒரே வெடிதான். மிளா அங்கனயே விழுந்திரும்" என்பார்கள். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டது, பத்து வெடியில் எத்தனை பட்டது, படாத வெடி எங்கே போச்சு என்று யாரும் கேட்பதில்லை.

நாம் பாலிடெக்னிக் மாணவர்கள். ஒரு ஷாஃப்ட்டை லேத்தில் கடைந்து "நல்லா வந்திருக்கு சார்" என்று நீட்டினால் ஆசிரியர் வாங்கிக்கொள்வாரா? "வெர்னியரை வை. எத்தனை கூட, எத்தனை குறைச்சல், சொல்லு" என்பார். அதே கேள்வியைத் துப்பாக்கியிடம் கேட்டால் என்ன பதில் வரும்? வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை மான் வேட்டைக்கு எடுக்கிற நாடுகளில் அதன் குறிக்கு என்ன அளவு வைத்திருக்கிறார்கள், அது எங்கிருந்து வந்தது, நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கி அதில் தேறுமா என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதலிலேயே ஒன்று. நம் நாட்டில் மானைச் சுடுவது குற்றம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையைத் தடை செய்துவிட்டன. நம் மாவட்டத்துக் காடுகள் 2008-இல் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. ஆகவே யாரும் இதைப் படித்துவிட்டு மலைக்குப் போக வேண்டாம்! ஆனால் வாய்வழித் துப்பாக்கி சட்டத்திலிருந்து மறையவில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ளும் வாய்வழித் துப்பாக்கியைத் தனியாகக் குறிப்பிட்டு உரிமம் தரச் சொல்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 2022-இல், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களைத்தான் அதற்குக் கூப்பிடுகிறார்கள். துப்பாக்கி இருக்கிற வரைக்கும் குறியைப் பற்றிய கேள்வியும் இருக்கத்தானே செய்யும்?

உதயகிரியும் கடலூரும்

தக்கலை பக்கம் புலியூர்க்குறிச்சியில் பஸ் நிற்கும்போது உதயகிரிக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மா மகாராஜா தோற்கடித்தார். அப்போது சிறைப்பட்ட தெ லனாய் பின்னால் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதி ஆனார். அவர் மேற்பார்வையில் இந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் பட்டறை நடந்தது. 1777-இல் இறந்த அவருடைய கல்லறையும் உள்ளேதான் இருக்கிறது. நம்ம ஊரில் இரும்பு உருக்கி ஆயுதம் செய்தது ஒன்றும் கட்டுக்கதை இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

குளச்சல் போருக்கு அடுத்த வருஷம், 1742-இல், இங்கிலாந்தில் பெஞ்சமின் ராபின்ஸ் என்கிற கணித அறிஞர் துப்பாக்கி அறிவியல் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மரக்கட்டை ஒன்றை ஊசல் போலத் தொங்கவிட்டு, அதில் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை வைத்துக் குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். அப்ளைடு மெக்கானிக்ஸ் பாடத்தில் உந்த அழிவின்மை என்று நாம் படிக்கிறோமே, அதேதான். இந்த ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நம் தமிழ்நாட்டுக்கே வந்து, 1751-இல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காலமானார். இவரிடமிருந்துதான் 'குறி' என்கிற சொல்லுக்கு எண் கிடைக்க ஆரம்பித்தது.

வழவழக் குழலின் கோளாறு

நாட்டுத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழவென்று பைப் மாதிரி இருக்கும். வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். மருந்துக் கரி படிந்த குழலுக்குள் குண்டு சுலபமாக இறங்க வேண்டும் என்றால் அது குழலை விடச் சின்னதாக இருக்க வேண்டும். கம்பெனிப் படைகள் வைத்திருந்த பிரவுன் பெஸ் துப்பாக்கியின் குழல் விட்டம் 0.75 அங்குலம், குண்டு ஏறக்குறைய 0.69 அங்குலம். இடைவெளி 1.5 மில்லிமீட்டர்! நம் பாஷையில் ரொம்பத் தாராளமான கிளியரன்ஸ் ஃபிட்.

வெடித்ததும் குண்டு குழலின் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டே வெளியே வருகிறது. கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதைப் பொறுத்து ஏதோ ஒரு திசையில் சுழல்கிறது. சுழலும் பந்து காற்றில் வளைந்து போகும் என்பது கிரிக்கெட் ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். குண்டும் அப்படித்தான் வளைகிறது. ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு பக்கம் வளைவதால், சுடுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இதைத் திருத்த முடியாது. இந்தக் காரணத்தைச் சோதனை செய்து காட்டியவரும் ராபின்ஸ்தான்.

மருந்து: குண்டை நாமே சுழற்றிவிடுவது. குழலின் உள்ளே சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டி, எண்ணெய்த் துணியில் பொதிந்த குண்டை அதில் இறுக்கமாக இறக்கினால், வெளியே வரும்போது அது பம்பரம் போலத் தன் அச்சில் சுழலும். எப்போதும் ஒரே திசையில் சுழலும். இந்தப் பள்ளம் உள்ள குழலுக்குத்தான் ரைபிள் என்று பெயர்.

எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று? 1879-இல் கிரீன்ஹில் என்கிற பேராசிரியர் ஒரு சூத்திரம் கொடுத்தார். குண்டின் விட்டத்தை வர்க்கப்படுத்தி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் அங்குலத்தில். அரை அங்குல உருண்டைக் குண்டுக்கு நீளமும் விட்டமும் ஒன்றே என்பதால் 75 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். அதே விட்டத்தில் ஒரு அங்குல நீளக் குண்டு என்றால் 37.5 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். நீளம் கூடினால் முறுக்கும் கூட வேண்டும், அவ்வளவுதான்.

நமக்குத் தெரிந்த விட்வொர்த்

வொர்க் ஷாப்பில் பி.எஸ்.டபிள்யூ. மரை வெட்டியிருக்கிறோம். 55 டிகிரி கோணம். அந்த 'டபிள்யூ' என்பது ஜோசப் விட்வொர்த். 1841-இல் மரைக்குப் பொது அளவு கொண்டுவந்தவர். அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை அளக்கக் கருவி செய்தவர். அவர் துப்பாக்கியும் செய்தார் என்பது எனக்கே சமீபத்தில்தான் தெரியும்.

1850-களில் ஆங்கிலேயப் படையின் என்ஃபீல்டு ரைபிள் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கு உள்ளது. 1857 கிளர்ச்சியில் கொழுப்புத் தடவிய தோட்டா என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது இந்தத் துப்பாக்கிக்கு உரியது. அதைவிட நன்றாகச் செய்ய முடியுமா என்று விட்வொர்த்திடம் அரசு கேட்டது. அவர் துப்பாக்கி செய்யும் பரம்பரையில் வந்தவர் இல்லை, மெஷின் செய்கிறவர். அதனால் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சுட்டு, அளந்து பார்த்தார். கடைசியில் 0.451 அங்குலத்தில் அறுகோணக் குழல், 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முடிவுக்கு வந்தார். அவருடைய குண்டு விட்டத்தைப் போல மூன்று மடங்கு நீளம் என்று வைத்துக் கிரீன்ஹில் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 22.5 வருகிறது! சூத்திரம் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பே, அளந்து பார்த்தே அவர் பக்கத்தில் வந்துவிட்டார்.

1860-இல் விம்பிள்டனில் நடந்த முதல் துப்பாக்கிப் போட்டியை விக்டோரியா ராணி தொடங்கிவைத்தார். மேடையில் இறுக்கிப் பொருத்திய விட்வொர்த் ரைபிளின் விசையை ஒரு பட்டுக் கயிற்றால் இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பால் இருந்த இலக்கில், மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பட்டது. வாய்வழித் துப்பாக்கி என்றாலே குறி இருக்காது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வழி வாயா, பின்புறமா என்பதை விட, குண்டும் குழலும் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டன என்பதே முக்கியம்.

மான் வேட்டைக்கு என்ன அளவு?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மான் உடனே சாக வேண்டும் என்றால் குண்டு நெஞ்சுக்கூட்டில், இருதயமும் நுரையீரலும் உள்ள இடத்தில் பட வேண்டும். நடுத்தரமான மானுக்கு இந்த இடம் சுமார் 20 செ.மீ. விட்டமுள்ள வட்டம். மிளாவுக்கு இன்னும் பெரிசு, கேழையாட்டுக்குச் சின்னது. மற்ற எல்லா இடமும் தப்பான இடமே. குடலில் பட்டாலும் காலில் பட்டாலும் மிருகம் ஓடிவிடும். அப்புறம் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கிடந்து சாகும்.

ஆகவே கேள்வி இதுதான்: எந்தத் தூரம் வரைக்கும் எல்லா வெடியும் இந்த 20 செ.மீ. வட்டத்துக்குள் விழும்? அந்தத் தூரமே அந்தத் துப்பாக்கியும் அந்த ஆளும் சேர்ந்த எல்லை. அதற்கு அப்பால் விசையைத் தொடக் கூடாது.

என்.சி.சி.யில் இருக்கிற நண்பர்கள் .22 ரைபிளில் 25 கஜத்தில் 'குரூப்பிங்' சுட்டிருப்பீர்கள். ஐந்து குண்டும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று அளப்பார்கள் அல்லவா? வேட்டையிலும் அளவு அதுதான். பின்லாந்து நாட்டில் மான் வேட்டைக்குப் போக விரும்புகிறவர் 75 மீட்டரில் நான்கு வெடி சுட வேண்டும். நான்கும் 23 செ.மீ. வட்டத்துக்குள் விழ வேண்டும். மூன்று விழுந்தால் பெயில். நமக்கு நூற்றுக்கு நூறு வாங்காமலே பாஸ் உண்டு, அங்கே நூற்றுக்கு நூறுதான்!

அமெரிக்காவில் பல மாநிலங்கள் வாய்வழித் துப்பாக்கிக்கு என்றே தனி வேட்டைப் பருவம் வைத்திருக்கின்றன. அங்கே வேட்டைக்காரர்கள் கணக்குப் போடுவது கோணத்தில். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு நிமிஷம். 100 மீட்டர் தூரத்தில் இது சுமார் 29 மில்லிமீட்டர். ஒரு துப்பாக்கி மூன்று நிமிஷக் குரூப் போடுகிறது என்றால் 100 மீட்டரில் சுமார் 9 செ.மீ., 50 மீட்டரில் அதில் பாதி. மேஜையில் சாய்த்துச் சுடும்போதே 20 செ.மீ. வட்டத்தில் பாதியைத் துப்பாக்கி தின்றுவிட்டால், மீதிப் பாதிதான் ஆளின் தவறுக்கு மிச்சம். அதனால்தான் மேஜைக் குரூப் 10 செ.மீ.க்கு மேல் போகிற தூரத்தில் அனுபவசாலிகள் சுடுவதில்லை. அசெம்ப்ளியில் ஒவ்வொரு பாகத்தின் டாலரன்சும் சேர்ந்து மொத்தத்தில் ஏறும் என்று படித்தோமே, அது இங்கே அப்படியே பொருந்தும்.

டாலரன்சைத் தின்னும் ஐந்து பேர்

அரை அங்குலக் குழலில் உருண்டை ஈயக் குண்டு. எடை சுமார் 11.5 கிராம். புறப்படும் வேகம் நொடிக்கு 550 மீட்டர், 100 மீட்டர் போவதற்குள் 310 மீட்டராகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.

1. புவியீர்ப்பு: 50 மீட்டர் போக சுமார் 0.106 நொடி. குண்டு 5.5 செ.மீ. கீழே இறங்கும். 100 மீட்டர் போக 0.25 நொடி. இறக்கம் 30 செ.மீ.! தூரத்தைக் கண்ணால் தப்பாக மதித்தால் குண்டு வயிற்றுக்குப் போகும்.

2. காற்று: மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று, 50 மீட்டரில் குண்டை 7 செ.மீ. தள்ளும். 100 மீட்டரில் சுமார் 30 செ.மீ. தள்ளும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைப் பக்கம் போனவர்களுக்கு 16 கிலோமீட்டர் காற்று காற்றே இல்லை என்று தெரியும்.

3. பார்வை: முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 75 செ.மீ. என்று கொள்வோம். கண் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 75 மீட்டரில் அது 10 செ.மீ. ஆகிவிடும். வட்டத்தின் ஆரமே அவ்வளவுதான்.

4. தாமதம்: சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் விசை இழுத்த பிறகு பொறி விழுந்து, கிண்ணத்து மருந்து பற்றி, அப்புறம்தான் உள்ளே வெடிக்கும். அதற்குள் கை ஆடினால் போச்சு. கேப்பு வைக்கும் துப்பாக்கியில் இந்தத் தாமதம் குறைவு.

5. கரி: ஒவ்வொரு வெடிக்கும் குழலில் கரி ஏறுகிறது. சுத்தமான குழலின் முதல் குண்டு ஒரு இடத்தில் விழும், நாலாவது வேறு இடத்தில் விழும். வாய்வழித் துப்பாக்கிக்கான உலகப் போட்டிகளில் 13 வெடி சுடச்சொல்லி நல்ல பத்தை எடுத்துக்கொள்கிறார்கள். வேட்டையில் அப்படித் தள்ளிவிட மூன்று வெடி கிடையாது. கணக்கில் வருவது முதல் வெடி மட்டும்தான்.

வேகத்தோடு பலமும் போகிறது. புறப்படும்போது குண்டிடம் சுமார் 1740 ஜூல் ஆற்றல் உண்டு. 100 மீட்டரில் அது 550 ஜூல். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

நம்ம நாட்டுத் துப்பாக்கி தேறுமா?

நன்றாகச் செய்த வழவழக் குழலில், அளவான குண்டைத் துணியில் பொதிந்து இறுக்கமாக இறக்கினால், நல்ல சுடுகாரர் 40, 50 மீட்டர் வரை 20 செ.மீ. வட்டத்தைப் பிடிக்கலாம். குடகு நாட்டில் கைல்போது திருவிழாவின்போது, உயரமான மரத்தில் தேங்காயைக் கட்டிச் சுடுகிற போட்டி நடக்கிறது. தேங்காய் 20 செ.மீ. கூட இல்லை. இலக்கு எது, பட்டதா இல்லையா என்று ஊரே பார்க்கும். அதுவும் ஒரு அளவுகோல்தான்.

ஆனால் மலையோரத்தில் திருட்டு வேட்டைக்குப் போகிறவர்கள் தூக்கிக்கொண்டு திரிவது அந்த மாதிரித் துப்பாக்கி இல்லை. குழலில் ஒரு சீரான விட்டமே கிடையாது. உள்ளே போடுவது பெரும்பாலும் ஈயச் சில்லு. வாயை விட்டு வந்ததும் சில்லு விரிந்துகொண்டே போகும். கிட்டத்தில் பத்துச் சில்லு படும், தூரத்தில் ஒன்றோ இரண்டோ, எங்கேயாவது படும். இரவில், டார்ச் வெளிச்சத்தில், தூரம் தெரியாமல் சுடுகிறார்கள். மேலே சொன்ன ஐந்து கணக்கில் ஒன்றுகூட அவர்கள் கையில் இல்லை.

என் அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. ஒரு விடியக்காலம் வெட்டப்போன இடத்தில், ஓடைக்கரையில் ஒரு பெண் மிளா கிடந்ததாம். பின்னந்தொடையில் சில்லு பட்ட ஓட்டைகள், புண்ணில் புழு. எழுந்திருக்கப் பார்த்து விழுந்ததாம். சாயங்காலத்துக்குள் செத்துவிட்டது. "நாலஞ்சு நாளு கெடந்திருக்கும் போல மக்கா. ஒண்ணு விழணும், இல்லண்ணா சுடப்பிடாது" என்று அப்பா சொன்னார். அவர் அஞ்சாங் கிளாஸ். எங்கள் வீட்டில் வெர்னியர் பிடித்த முதல் ஆள் நான். ஆனால் பின்லாந்து சட்டம் நான்கு வெடியில் சொல்வதும் அப்பா சொன்னதும் ஒன்றேதான் என்று இந்தக் கட்டுரைக்காகக் கணக்குப் போடும்போது புரிந்தது.

அந்தச் சில்லு எத்தனை மீட்டரிலிருந்து வந்ததோ, சுட்டவன் யாரோ. அவனைக் கேட்டால் "பட்டுது, ஆனா ஓடிட்டு" என்றுதான் சொல்லியிருப்பான். அவன் கணக்கில் அது பட்ட வெடி. அளவின் கணக்கில் முழுக்கத் தப்பிய வெடி. அளவு என்பது சும்மா காகிதத்தில் எழுதி வைக்கிற விஷயம் என்று நினைப்பவர்கள், அது இல்லாவிட்டால் யார் உடம்பில் போய் முடிகிறது என்று இங்கே பார்க்கலாம்.

நமக்கு இதில் என்ன?

நாளைக்கு நாம் ஒரு பம்ப் செட் கம்பெனியிலோ, படகு என்ஜின் பட்டறையிலோ, பஸ் டிப்போவிலோ வேலைக்குப் போவோம். பிரேக் ட்ரம் கடைகிறவனும் இந்தக் கட்டுரையில் உள்ள அதே கேள்விகளுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்:

அ. எவ்வளவு தவறு வரலாம் என்பதை முதலில் எழுதி வை. மானுக்கு அது 20 செ.மீ.
ஆ. ஒரு தடவை சரியாக வந்ததைக் கணக்கில் எடுக்காதே. திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்.
இ. மெஷினின் தவறு, பொருளின் தவறு, ஆளின் தவறு மூன்றையும் கூட்டிப் பார்.
ஈ. எல்லை தாண்டினால் செய்யாதே. "பரவாயில்லை, ஓடும்" என்று அனுப்பாதே.

நான்காவதுதான் கஷ்டம். அளந்து பார்த்த பிறகு 'முடியாது' என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். எதிரே மிளா நிற்கும்போது விசையிலிருந்து விரலை எடுக்கிறவனுக்கும், மேலாளர் நிற்கும்போது ரிஜெக்ட் சீட்டு எழுதுகிறவனுக்கும் அது ஒரே தைரியம்தான்.

அடுத்த தடவை டீக்கடையில் யாராவது "ஒரே வெடி" என்று ஆரம்பித்தால், மரியாதையாகவே கேளுங்கள்: "எத்தனை மீட்டர் பாட்டா? பத்துல எத்தனை?" பதில் வராது. ஆனால் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிற சின்னப் பையன் ஒருத்தன் அந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்வான்.